60 வயது ரோட்ஸ்டரில் ஆல்ப்ஸ் மலைக்கு மூன்று நாள்: வண்டி தாங்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் இரண்டு சீட் பிரிட்டிஷ் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 30, 40 கிலோமீட்டர் ஓட்டியதோடு சரி. இப்போது ஆஸ்திரியாவில் கூடும் ஒரு பழைய கார் குழு உங்களையும் அழைத்திருக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். பல நாடுகளிலிருந்து கூரை திறந்த இரண்டு சீட் கார்கள் வருகின்றன. குரோஸ்குளோக்னர் மலைச்சாலையில் ஏறி, இத்தாலிக்குள் இறங்கி, டோலமைட் மலைகளில் ஜியாவ், போர்டோய் கணவாய்களைத் தாண்டித் திரும்ப வேண்டும். மொத்தம் 600 கிலோமீட்டர் போல. "வண்டி தாங்குமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த மாடல் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1962-இல் வந்து 1980 வரை தயாரிப்பில் இருந்த கார் அது. 1798 சிசி இன்ஜின். உங்கள் வருடத்து வண்டியில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்குகிறது. முன்னால் டிஸ்க் பிரேக். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, "என்னிடம் இருக்கிற இந்த ஒரு வண்டியை நம்பி நான் மலை ஏறலாமா" என்பது. அதற்குப் பதில் மாடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் அதை எவ்வளவு ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

25 வருடத்துக்கு மேலாக இந்த வகை பிரிட்டிஷ் வண்டிகளில்தான் கை வைத்துக்கொண்டிருக்கிறேன்: எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி. இப்படிப்பட்ட பயணங்களில் எல்லோருக்கும் பின்னால், டிக்கி நிறைய ஸ்பேர் சாமானோடு வருகிற கடைசி வண்டியையும் பலமுறை ஓட்டியிருக்கிறேன். வழியில் நின்றுபோன வண்டி எல்லாவற்றையும் பார்க்கிறவன் அந்தக் கடைசி ஆள்தான். நான் பார்த்தவரை கியர்பாக்ஸ் உடைந்து நின்றது, பிஸ்டன் போய் நின்றது எல்லாம் அபூர்வம். ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு கண்டென்சர் (பிளக்குக்குத் தீப்பொறி கிடைக்க உதவும் சின்ன மின்சாமான்), லூசான ஒரு ஒயர், காய்ந்து வெடித்த ஃபேன் பெல்ட், இவ்வளவுதான். அதிலும் தினமும் ஓடுகிற வண்டியைவிட, துடைத்து மூடி ஷெட்டிலேயே நிறுத்தி வைத்த வண்டிதான் அதிகம் நின்றிருக்கிறது. நிற்கிற வண்டியில் ரப்பர் காய்ந்துபோகும், டேங்க் அடியில் துரு சேரும், பிரேக் சிலிண்டருக்குள் ஈரம் இறங்கும். ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. பாடியின் அடி ஓரங்களில் துரு எப்படி, பிரேக் குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும்.

முதல் வேலை ஒத்திகை ஓட்டம். பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே, ஒரே நாளில் 150 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். 40 கிலோமீட்டரில் இன்ஜின் மட்டும்தான் சூடாகும். கியர்பாக்ஸ் ஆயில், பின் ஆக்சில் ஆயில் எல்லாம் முழுச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதிக் கோளாறுகள் அப்புறம்தான் தலை காட்டும். சூடான நிலையில் ஓடும்போது ஆயில் பிரஷர் 50-லிருந்து 80 பிஎஸ்ஐ-க்குள், ஐடிலில் 15-லிருந்து 25-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, பானட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு, அப்படியே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி மலையில் உங்களை அழவைக்கும். இரண்டு வாரம் கழித்து அதே ஓட்டத்தை மறுபடி செய்யுங்கள், இந்த முறை பக்கத்து சீட்டில் ஆளும் டிக்கியில் முழுப் பெட்டியும் இருக்கட்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் வண்டியில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஒருமுறை புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒருவருடைய வண்டிக்குப் புதுக் கண்டென்சர் மாட்டினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றித்தான் மாட்டினேன். மறுநாள் முதல் ஏற்றத்திலேயே வண்டி இருமி இருமி நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஓடும். சூடேறினால் மறுபடி செத்துவிடும். புதியதற்குள் இருந்த காப்புப் பொருள் சூட்டில் தோற்றுப்போயிருந்தது. கழற்றிய பழைய கண்டென்சர் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதையே திரும்ப மாட்டினோம், பயணம் முடியும்வரை ஒரு சத்தம் இல்லை. தப்பு என்னுடையது. புதுச் சாமானுக்கும் 200 கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும். அதற்கு அவகாசம் இல்லை என்றால் பழையதே இருக்கட்டும், புதியது ஸ்பேராக டிக்கியில் வரட்டும்.

உங்கள் வண்டியில் இருக்கும் எஸ்யூ கம்பெனி எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பின் சத்தத்தைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். காலையில் வெளியே சத்தமில்லாத நேரம் பார்த்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். பின்பக்கத்திலிருந்து டக் டக் டக் என்று வேகமாக வரும். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்பச் சத்தம் மெதுவாகும், டக்... டக்... என்று இடைவெளி கூடி நின்றுவிடும். நின்றால் எல்லாம் சரி. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. உடனே சாவியை அணைத்துவிட்டு மோந்து பாருங்கள். சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனை) ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் கைப்பிடியால் பம்பின் உடம்பில் லேசாக ஒரு தட்டு தட்டினால் உயிர் வந்துவிடும். தட்டி ஓட்டி அன்றைய ஊரைப் போய்ச் சேரலாம். அதற்குமேல் தட்டிக்கொண்டே போகக் கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் உறுதியானது எது, சர்ச்சை எது என்று பிரித்துச் சொல்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும் என்பது உறுதி. வெளியே நல்ல கறுப்பாக இருக்கும், உள்ளே பிசுபிசுத்து உரிந்திருக்கும். ஹோஸ் என்ன வயது என்று தெரியவில்லை என்றால், எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக டேங்க் முதல் கார்புரேட்டர் வரை மாற்றிவிடுங்கள், ஆறு வாரம் முன்னாலேயே. ஐரோப்பிய பெட்ரோல் பங்க்குகளில், பெட்ரோல் என்றால் வட்டத்துக்குள் இ5 அல்லது இ10 (எத்தனால் 5 அல்லது 10 சதவீதம் வரை) என்று குறி இருக்கும், டீசலுக்குச் சதுரம். இ5 கிடைக்கிற இடத்தில் அதையே போடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு சீட் தேய்ந்துபோகும் என்ற பயம் வேறு கதை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில், நெடுநேரம் உச்ச வேகத்தில் ஓட்டினால் தேய்வது உண்மை. ஆனால் மலைச்சாலையில் நிதானமாக ஓடும் 600 கிலோமீட்டரில் அது தெரியவே தெரியாது என்பது என் அனுபவம். ஈயத்துக்குப் பதில் ஊற்றும் மருந்து அவசியமா என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் ஊற்றுவதில்லை. வால்வு இடைவெளியை அளந்து எழுதிவைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் மறுபடி அளந்து ஒப்பிடுவேன்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடம், இறக்கம். குரோஸ்குளோக்னர் சாலை 1935-இல் திறந்தது. 48 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவு, சில இடங்களில் 12 சதவீதச் சரிவு. ஹோக்டோர் உச்சி 2504 மீட்டர்; அங்கிருந்து ஹைலிகன்புளூட் ஊர் வரை ஏறக்குறைய 1200 மீட்டர் இறங்க வேண்டும். ஆளும் பெட்டியுமாக வண்டி 1100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி, 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜின் அதில் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அத்தனை சூடும் நான்கு பிரேக்குகளுக்குள் இறங்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், ஆயில் அழுந்தாது. மிதி தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது எப்போது மாற்றியது என்றே தெரியாவிட்டால், பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

ஓட்டுகிற முறை லாரிக்காரர்களுடையதே: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை லேசாக வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து, விட்டுவிடுங்கள்; விடுகிற நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். உங்கள் வருடத்து கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் ஓடும்போது முதல் கியருக்கு வர வேண்டுமானால் டபுள் கிளட்ச் போட்டுத்தான், அதாவது நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் ஆக வேண்டும். அதை மலையில் கற்றுக்கொள்ள வேண்டாம், ஒத்திகையிலேயே பழகிவிடுங்கள். மிதி நீளமாகப் போனால் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். மிதி கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை அடிக்கிறது என்றால் பேட் சூடேறிவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முதலில் கிடைக்கிற ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் சும்மா இருப்பது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நின்றதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி பிரேக்கை விடாமல் பிடித்துவைத்திருக்கலாம்.

ஏற்றம் அவ்வளவு மோசமில்லை. 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் வண்டி சோம்பலாக ஏறும், புகை கொஞ்சம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கார்புரேட்டர் ஸ்குரூவில் கை வைக்கிறவர்கள் உண்டு. வைக்காதீர்கள், மேலே சரியாக்கிய பெட்ரோல்-காற்றுக் கலவை கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் இன்ஜினைச் சூடேற்றும். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடி கீழே ஒன்றும் தெரியாமல் ஓடும், மேலே போனதும் கொதித்துக் கொட்டும். மூடியை அழுத்தம் வைத்துச் சோதித்துவிடுங்கள். முள் ஏறுவதைப் பார்த்தால் ஒரு கியர் இறக்கி ஃபேனைச் சுழலவிடுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். கூரை திறந்த வண்டியில் கால் சுடும், பரவாயில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் டக்கென்று அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, அப்புறம் அணையுங்கள்.

உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. இதைக் கூட வருகிறவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும், பேட்டரி மூடியில் எழுதி ஒட்டியும் வைக்க வேண்டும். உதவிக்கு ஓடி வருகிறவர் பழக்கத்தில் மைனஸை பாடியில் மாட்டிவிடுவார். ஜம்ப் கேபிள் போடும்போது இரண்டு கார்களின் பம்பரும் உரசினாலே ஷார்ட் ஆகும். செல்போன் சார்ஜரையும் அப்படியே சொருகாதீர்கள். பவர் பேங்க் எடுத்துக்கொண்டு போவது நிம்மதி. அப்புறம், உங்களுடையது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. ஆகக் கூடினால் 22 ஆம்பியர் தரும், ஐடிலில் ஒன்றும் தராது. மழையில், சுரங்கச் சாலையில், ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் மூன்றும் ஓடும்போது ஒரு கியர் குறைத்து ஓட்டினால் பேட்டரி தப்பிக்கும்.

கம்பிச் சக்கரம் என்றால் நடு நட்டை தினமும் காலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். இடப்பக்கம் வலஞ்சுழி மரை, வலப்பக்கம் இடஞ்சுழி மரை. ஓட ஓட தானே இறுகும்படி அமைத்தது. யாராவது பழுது பார்க்கும்போது ஹப்பை இடம் மாற்றி மாட்டியிருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். ஒரு முறை சரிபார்த்துவிட்டால் நிம்மதி. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயவே இல்லை என்றாலும் பத்து வயது தாண்டிய டயரோடு கணவாய் ஏறாதீர்கள்.

காகித வேலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்குக் கட்டணம் கட்டியதற்கான வில்லை (விக்னெட்) வேண்டும். குரோஸ்குளோக்னருக்குத் தனிச் சுங்கம், ராத்திரியில் சாலையை மூடிவிடுவார்கள், பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலாடை, முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருக்கட்டும். மேலாடையை டிக்கியில் போடாமல் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். இத்தாலிய ஊர்களின் பழைய நடுப்பகுதிகளில் வெளி வண்டிகளுக்குத் தடை உண்டு, கேமரா படம் எடுத்துவிடும். பழைய கார் என்று விடமாட்டார்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டு விஷயம் பாருங்கள்: இரண்டு நாட்டுக்கும் செல்லுமா, நேரம் கணக்கிடும் போட்டி எதையாவது விலக்கி வைத்திருக்கிறதா. பயணத்தில் விளையாட்டாக ஒரு சராசரி வேகப் பந்தயம் வைத்தாலும் அந்த விலக்கு உங்கள் தலையில் விழலாம்.

கூட்டமாக ஓட்டுவது பற்றி. 20 வண்டி வரிசையாகப் போவது படத்துக்கு அழகு, சாலையில் தொல்லை. நான்கைந்து வண்டிகளாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் புறப்படுவதுதான் நல்லது. முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் தெரியாத வளைவில் ஓவர்டேக் நடக்கிறது. கையில் வழிப்புத்தகம் கொடுப்பார்கள். அதிலுள்ள குறிகளுக்கு டியூலிப் என்று பெயர், நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்தது. உருண்டை இருக்கிற இடத்தில் நீங்கள், அம்பு காட்டுகிற திசையில் போக வேண்டும். ஒரு விதி மட்டும் போதும்: எந்தத் திருப்பத்திலும் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நகராதீர்கள். எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள். மலைச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே பெரிது. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்பது உட்கார்ந்து பார்க்கவும் நேரம் விடும் அளவு.

உடம்பையும் கவனியுங்கள். அந்த உயரத்து வெயில் குளிரில் உறைக்காது, ஆனால் சுட்டுவிடும். தொப்பியும் கழுத்துத் துணியும் வேண்டும். காற்றிரைச்சலில் மூன்று நாள் ஓட்டினால் காது இரையும், எளிய காது அடைப்பான் போதும். மழை வந்து கூரையை மூடினால் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலை மட்டும் திறந்துவைக்காதீர்கள், சைலன்சர் புகை அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். குளிரில் விறைத்த அந்த ஜன்னலை மடக்கவும் கூடாது, பாளம் பாளமாக வெடிக்கும்.

டிக்கியில் என்ன என்றால்: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ஒரு பிளக், ஃபியூஸ், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், நல்ல தண்ணீர் ஐந்து லிட்டர், ஒயரும் டேப்பும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருந்தால் பழைய பாயிண்ட் தகடு கட்டாயம் கூட வரட்டும். எலக்ட்ரானிக் போனால் வழியில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஆறு வாரத்தில் இரண்டு ஒத்திகையும் தொல்லை இல்லாமல் முடிந்தால் தயங்காமல் போங்கள். இரண்டாவதிலும் சூடேறினாலோ பிரேக் இழுத்தாலோ இந்த வருடம் யாருடைய பக்கத்து சீட்டிலாவது உட்கார்ந்து போய்விட்டு வாருங்கள், மலை அங்கேயேதான் இருக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒன்றிலிருந்து நான்கு வரை வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நிறத்தைப் பார்த்தால் உங்கள் பெட்ரோல்-காற்றுக் கலவை எப்படி இருக்கிறது, எந்த சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது என்று இப்போது சொல்வதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.